தண்ணீரை வைத்துத் திசுவை அளப்பது: டிஃபியூஷன் எம்ஆர்ஐ, முதல் படியிலிருந்து

மூளை எம்ஆர்ஐ படத்தில் ஒரு புள்ளி, அதாவது ஒரு வாக்ஸல், பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் ஓடும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை 1 மைக்ரோமீட்டர் தடிமன் அளவில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 2,000 மடங்கு வித்தியாசம். அப்படியிருந்தும் அந்த இழைகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன, பக்கவாதம் வந்த சில மணி நேரத்துக்குள் மூளையின் எந்த இடம் அடிபட்டது என்றெல்லாம் எம்ஆர்ஐ சொல்லிவிடுகிறது. திசுவுக்குள் அலையும் தண்ணீரைக் கவனிப்பதால் கிடைக்கும் பலன் இது.

சிங்கப்பூரின் ஊட்ரம், நொவீனா, கெண்ட் ரிட்ஜ் மருத்துவ வளாகங்களில் கதிரியக்கப் படம் எடுப்பவர்களாகவும் ஆய்வு உதவியாளர்களாகவும் நம் தமிழ் இளையர்கள் வேலைக்குச் சேர்கிறார்கள். மென்பொருளை ஓட்டக் கற்றுக்கொடுக்க அங்கே ஆள் உண்டு. வண்ண வண்ணமாக வரும் படத்திலுள்ள எண்ணுக்கு என்ன பொருள் என்பதைத் தமிழில் உட்கார்ந்து விளக்கத்தான் ஆள் குறைவு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்: இயந்திரம் அளப்பது தண்ணீரின் இடப்பெயர்ச்சியை. திசுவின் அமைப்பு அதிலிருந்து நாம் ஊகிப்பது. இந்த இரண்டும் குழம்பும்போதுதான் தவறான முடிவுகள் பிறக்கின்றன.

படி 1: எதை அளக்கிறோம் என்று தெரிந்துகொள்வது

தண்ணீர் மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. அவை இப்படி அலைந்து பரவுவதுதான் விரவல் (டிஃபியூஷன்), எவ்வளவு வேகமாகப் பரவுகின்றன என்பதன் எண் விரவல் கெழு. உடல் வெப்பத்தில், தடையே இல்லாத தண்ணீரின் விரவல் கெழு சுமார் 3.0 சதுர மைக்ரோமீட்டர்/மில்லிவிநாடி. மருத்துவ அறிக்கைகளில் இதையே 3.0 × 10⁻³ மி.மீ²/விநாடி என்று எழுதுவார்கள். எண் ஒன்றுதான் என்பதால் இனி அலகை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன்.

ஐன்ஸ்டைன் 1905இல் தந்த சமன்பாட்டின்படி, ஒரு திசையில் மூலக்கூறு சராசரியாக நகரும் தூரம் இரண்டு பெருக்கல் கெழு பெருக்கல் நேரத்தின் வர்க்கமூலம். 50 மில்லிவிநாடியில் தடையற்ற தண்ணீர் சுமார் 17 மைக்ரோமீட்டர் நகரும். மூளைத் திசுவில் கெழு 0.7 அளவில் இருப்பதால் அதே நேரத்தில் 8 மைக்ரோமீட்டர்தான். உயிரணுக்களின் அளவும் இதே ஒழுங்கில் இருப்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. தண்ணீர் அந்த நேரத்துக்குள் சவ்வுகளிலும், நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் என்னும் கொழுப்பு உறைகளிலும் முட்டிக்கொள்கிறது. முட்டியதன் அடையாளம் சமிக்ஞையில் பதிகிறது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் கேம்பல் லேன் சந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்க்கும் உங்களுக்குக் கடைகளின் தடுப்புகள் தெரியவில்லை. ஒரு நிமிடத்தில் ஒவ்வொருவரும் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்ந்தார் என்ற கணக்கு மட்டும் கையில் இருக்கிறது. எல்லாரும் தெருவின் நீளவாக்கிலேயே நகர்ந்திருந்தால் இருபுறமும் தடுப்பு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். தடுப்பு மரமா தகரமா என்று அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது.

படி 2: பி மதிப்பைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்பது

1965இல் ஸ்டெய்ஸ்கல், டானர் இருவரும் கொடுத்த முறைதான் இன்றும் அடிப்படை. ஒரு கிரேடியன்ட் துடிப்பு, அதாவது இடத்துக்கு இடம் சீராக மாறும் காந்தப்புலம் சிறிது நேரம் வந்துபோவது, இடத்துக்கு இடம் வேறுபடும் கட்டத்தை (ஃபேஸ்) மூலக்கூறுகள்மீது பதிக்கிறது. சற்று நேரம் கழித்து இரண்டாவது துடிப்பு அதை அழிக்கிறது. நகராத மூலக்கூறுக்கு முழுதாக அழியும். நகர்ந்ததற்கு மிச்சம் நிற்கும், அந்த அளவுக்குச் சமிக்ஞை குறையும்.

எவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறோம் என்பதன் அளவே பி மதிப்பு. காமா (ஹைட்ரஜன் அணுக்கருவுக்கே உரிய மாறாத காந்த எண்), கிரேடியன்டின் வலு, துடிப்பின் நீளம் மூன்றையும் பெருக்கி வர்க்கமாக்குங்கள். அதை, துடிப்புகளின் இடைவெளியிலிருந்து துடிப்பு நீளத்தின் மூன்றிலொரு பங்கைக் கழித்துவரும் நேரத்தால் பெருக்குங்கள். 40 மில்லிடெஸ்லா/மீட்டர் வலு, 20 மில்லிவிநாடி நீளம், 40 மில்லிவிநாடி இடைவெளி என்று வைத்தால் பி சுமார் 1,530 விநாடி/மி.மீ² வரும். வலுவை 80 ஆக்கினால் நான்கு மடங்காகும். வலு மிகுந்த இயந்திரம் இருந்தால் துடிப்பைச் சுருக்கி, எதிரொலி நேரத்தை (சமிக்ஞையைப் பதியும்வரை காத்திருக்கும் நேரம்) குறைத்து, அதே பி மதிப்பைக் கூடுதல் சமிக்ஞையோடு பெறலாம். கிரேடியன்டுக்குச் செலவழிக்கும் பணத்தின் நியாயம் அங்கேதான் இருக்கிறது.

பி 1000இல், கெழு 0.7 உள்ள திசு பாதிச் சமிக்ஞையைத் தக்கவைக்கும். மூளைத் தண்டுவடத் திரவத்தில் 5 விழுக்காடுதான் மிஞ்சும். டிஃபியூஷன் படத்தில் திரவ அறைகள் கருத்துக் கிடப்பது அதனால்தான்.

படி 3: ஆளைப் படுக்கவைப்பதற்கு முன் தண்ணீரைப் படுக்கவைப்பது

பலர் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் தாண்டவே கூடாத படி.

தண்ணீரின் விரவல் கெழு துல்லியமாகத் தெரிந்தது: 0 டிகிரியில் 1.10, 20 டிகிரியில் 2.02, 25இல் 2.30, 30இல் 2.60. உங்கள் இயந்திரம் இந்த எண்களைத் தருகிறதா என்று பார்த்தால் போதும், அதன் கிரேடியன்ட் சொன்னபடி நடக்கிறதா என்பது வெளிப்பட்டுவிடும். ஆனால் எண்கள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன, கவனித்தீர்களா? ஒரு டிகிரிக்கு 2 முதல் 3 விழுக்காடு. சிங்கப்பூரில் இது சில்லறை விஷயமன்று. வெளியே 30 டிகிரி, இயந்திர அறையோ குளிரூட்டியில் 20ஐ ஒட்டி. வெளியிலிருந்து கொண்டுவந்த புட்டியை உடனே படமெடுத்தால் உண்மையில் சரியாக இருக்கும் இயந்திரம் 28 விழுக்காடு கூடுதலாகக் காட்டுவதுபோல் தோன்றும். புட்டியை முதல் நாள் இரவே அறைக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் எடுக்கும்போது வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெப்பநிலையைப் பற்றி அறவே கவலைப்படாத வழியும் உண்டு: பனிக்கட்டித் தண்ணீர். பெரிய கொள்கலனில் பனிக்கட்டியும் தண்ணீரும் நிரப்பி, நடுவில் தூய தண்ணீர் அடைத்த குழாயைச் செருகி, ஒரு மணி நேரம் போல விடுங்கள். பனிக்கட்டி மிதக்கும்வரை உள்ளே 0 டிகிரிதான். எண் 1.10 வந்தாக வேண்டும்.

கிரேடியன்டின் மூன்று அச்சுகளிலும் தனித்தனியாக எடுங்கள். தண்ணீருக்குத் திசை கிடையாது, மூன்றும் ஒரே எண்ணைத் தர வேண்டும். ஓர் அச்சு 3 விழுக்காடு விலகினால் அந்தக் கிரேடியன்டின் வலு ஒன்றரை விழுக்காடு பிசகியிருக்கிறது என்று பொருள், ஏனெனில் பி வலுவின் வர்க்கத்தைப் பொறுத்தது. புட்டியை வைத்தவுடன் படமெடுக்காமல் சில நிமிடம் விடுங்கள், உள்ளே தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தால் அந்த ஓட்டமும் விரவலாகக் கணக்கில் ஏறிவிடும்.

திசையுள்ள மாதிரி வேண்டுமானால் பேரங்காடியில் அஸ்பாரகஸ் கட்டு வாங்கிக்கொள்ளலாம். தண்டுக்குள் ஓடும் நுண்குழாய்கள் நீளவாக்கிலான விரவலை அழகாகக் காட்டும். மாணவர்களுக்குச் சொல்லித்தர அதைவிட மலிவான கருவி எனக்குத் தெரியாது.

படி 4: வருபவரைத் தயார் செய்வது

பாதுகாப்புப் படிவத்தை ஆங்கிலத்தில் நீட்டி "எஸ் ஆர் நோ" கேட்டால் நம் முதியவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார்கள். தமிழில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: தாலி, மூக்குத்தி, மெட்டி, அரைஞாண்கொடி, தாயத்து. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றாலும் அது மின்கடத்தி. சூடாகலாம், சுற்றியுள்ள படத்தையும் கெடுக்கும். பட்டுச்சேலைச் சரிகையும் வெள்ளி இழை கலந்த விளையாட்டு உடுப்பும் அந்தக் கணக்குதான், மருத்துவமனை உடுப்புக்கு மாறச் சொல்ல வேண்டும்.

தாலியைப் பற்றி வந்த இடத்தில் கேட்காதீர்கள். முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், பல அம்மாக்கள் வீட்டிலேயே மஞ்சள் துண்டு கோத்த மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக வருவார்கள். கடைசி நிமிடத்தில் கழற்றச் சொன்னால் மனம் கலங்கும். கலங்கியவர் அசையாமல் படுப்பது கடினம்.

அசைவுதான் இந்த அளவீட்டின் பெரிய எதிரி. விரவலுக்கான கிரேடியன்ட் கட்டிலையே அதிரவைக்கும், அது மற்றப் பெரும்பாலான படங்களில் இவ்வளவு இருக்காது. அந்தக் கட்டத்துக்கு முன் ஒலிவாங்கியில் இவ்வளவு சொன்னால் போதும்: "அம்மா, இப்போ ஏழு எட்டு நிமிஷம் சத்தம் கூடும், கட்டிலும் கொஞ்சம் அதிரும். ஒண்ணும் ஆகாது. தலையை மட்டும் அசைக்காதீங்க, கண்ணை மூடிக்கலாம்." இந்த மூன்று வரி தரும் தரத்தை எந்தத் திருத்த மென்பொருளாலும் பின்னால் தர முடியாது.

ஆய்வாக இருந்தால் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் பொருந்துமா என்று நெறிமுறைக் குழுவோடு முதலிலேயே பேசிவிடுங்கள். தற்செயலாக ஏதேனும் நோய் அறிகுறி தென்பட்டால் பங்கேற்பவருக்குச் சொல்ல வேண்டுமா என்பதை ஒப்புதல் பெறும்போதே கேட்டு வைப்பது அவருக்கும் உங்களுக்கும் நல்லது.

படி 5: எடுக்கும் திட்டத்தை வகுப்பது

கேள்வியே திட்டத்தை முடிவு செய்யட்டும்.

பக்கவாதமா என்று பார்க்க பி 0 (விரவல் கிரேடியன்ட் போடாத படம்), பி 1000, மூன்று திசைகள் போதும், ஓரிரு நிமிட வேலை. டென்சர் கணக்குக்கு (படி 8இல் வருகிறது) குறைந்தது ஆறு திசை தேவை என்று பாடநூல் சொல்லும். ஆறில் எடுத்தால் இழையின் திசையைப் பொறுத்து எண் ஆடும். 30 திசைக்குக் குறையாதீர்கள். நுண்ணமைப்பு மாதிரிகளுக்கு (படி 9) இரண்டு பி மதிப்புகளாவது வேண்டும். பிரிட்டனின் யுகே பயோபேங்க் திட்டம் 2 மி.மீ. வாக்ஸலில், பி 1000, 2000 ஒவ்வொன்றிலும் 50 திசைகள் எடுத்து, சுமார் 7 நிமிடத்தில் முடித்துவிடுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் அதைப் பின்பற்றினாலே கெட்டுப்போக மாட்டார்கள்.

வாக்ஸலைச் சுருக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 2 மி.மீ. கனசதுரத்தின் கொள்ளளவு 8 கன மி.மீ. 1.5 ஆக்கினால் 3.4 தான், சமிக்ஞை பாதிக்கும் கீழே போய்விடும். பி 0 படத்தில் சமிக்ஞை இரைச்சலைப்போல் 20 மடங்காவது இருக்கும்படி பார்த்துக்கொண்டு பிறகு ஆசைப்படலாம்.

இன்னும் இரண்டு. பி 0 படங்களை முதலிலேயே குவித்துவிடாமல் இடையிடையே தூவுங்கள், இயந்திரம் சூடேறிச் சமிக்ஞை மெல்ல விலகுவதைப் பின்னால் கண்டுபிடிக்க உதவும். கட்டக் குறியீட்டுத் திசையை (ஃபேஸ் என்கோடிங்) திருப்பிப்போட்டுச் சில பி 0 படங்கள் எடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. எடுக்காமல் விட்டால் நெற்றியெலும்புக் குழிகளுக்கு மேலும் காதுகளுக்கு அருகிலும் வரும் உருக்குலைவைச் சரியாகத் திருத்த வழி இராது.

பச்சிளங்குழந்தைகளுக்குப் பெரியவர்களின் திட்டத்தை அப்படியே போடக்கூடாது. அவர்கள் மூளையில் தண்ணீர் அதிகம், மயலின் குறைவு, கெழு 1க்கு மேல் இருக்கும். பி மதிப்பும் கெழுவும் பெருக்கினால் ஏறக்குறைய 1 வரும்போதுதான் அளவீடு துல்லியமாக இருக்கும், ஆகவே பி குறைய வேண்டும். 2009இல் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொடங்கிய கஸ்டோ ஆய்வு, சீன, மலாய், இந்தியத் தாய்மார்கள் 1,200 பேருக்கும் மேல் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரின் குழந்தைகளைப் பிறந்த சில நாள்களிலேயே படமெடுத்தது. நம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பற்றிப் பேச நம்மிடமே தரவு இருப்பது பெரிய சொத்து.

படி 6: முதல் எண்ணைக் கையால் எடுப்பது

மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு வாக்ஸலைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பி 0 படத்தில் 820, பி 1000 படத்தில் 400. வகுத்தால் 2.05, அதன் இயல் மடக்கை 0.72. அதைப் பி மதிப்பால் வகுக்க வேண்டும், நம் அலகில் பி 1000 என்பது 1 ஆகையால் அதே 0.72. அதுதான் தோற்ற விரவல் கெழு (ஏடிசி). வளர்ந்தவரின் மூளைத் திசுவுக்கு இயல்பான எண்.

பக்கவாதத்தில் சக்தி கிடைக்காமல் உயிரணுவின் அயனிப் பம்புகள் நின்றுபோகும்போது தண்ணீர் உள்ளே புகுந்து உயிரணு வீங்குகிறது, கெழு சட்டென்று விழுகிறது. 1990இல் மோஸ்லியும் உடனிருந்தவர்களும் பூனைகளில் இதைக் காட்டிய பிறகுதான் டிஃபியூஷன் படம் அவசரப் பிரிவுக்குள் நுழைந்தது. பி 1000 படத்தில் வெளுத்த இடமெல்லாம் பக்கவாதமாகிவிடாது. நீண்ட டி2 உள்ள, அதாவது சமிக்ஞை மெதுவாக மங்கும், பழைய காயமும் அதில் வெளுத்துத் தெரியும். ஒவ்வொரு வாக்ஸலின் கெழுவையும் காட்டும் கெழுப் படத்தில் அதே இடம் கருத்திருக்கிறதா என்று பார்த்தே பேச வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் கெழு ஏறி இயல்பைத் தொட்டுவிட்டுப் போகும், அந்த நாள்களில் எடுத்த எண்ணை வைத்துத் திசு தேறிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்.

படி 7: துப்புரவு

வரிசை முக்கியம். டிசிஎம்2நிக்ஸ் (dcm2niix) என்ற நிரல் கொண்டு இயந்திரத்தின் கோப்புகளை மாற்றுங்கள், பி மதிப்பும் திசையும் தனிக் கோப்புகளாக வரும். பிறகு இரைச்சல் நீக்கம், அதன்பின் விளிம்பு அலை நீக்கம் (கூர்மையான ஓரங்களை ஒட்டி வரும் பொய்க் கோடுகளை நீக்குவது), இரண்டும் எம்ஆர்டிரிக்ஸ்3 மென்பொருளில் உள்ளன. அடுத்து எஃப்எஸ்எல் மென்பொருளின் இரண்டு நிரல்கள்: உருக்குலைவைத் திருத்தும் டாப்அப், அசைவையும் சுழல் மின்னோட்டப் பிழையையும் திருத்தும் எடி. இரைச்சல் நீக்கம் முதலில் வரக் காரணம், மற்ற படிகள் படத்தை இழுத்து நகர்த்தும்போது இரைச்சலின் இயல்பே மாறிவிடுகிறது. விளிம்பு அலையை விட்டுவைத்தால் திரவ அறைகளின் ஓரத்தில் நடக்கவே முடியாத எண்கள் வரும், எதிர்மறைக் கெழுகூட வரலாம்.

தலை திரும்பியிருந்தால் திசைக் கோப்பும் உடன் திரும்ப வேண்டும். எடி அதைத் தானே செய்து புதுக் கோப்பு எழுதும். பலர் அடுத்த படியில் பழைய கோப்பையே கொடுத்துவிடுகிறார்கள், கவனம்.

படி 8: டென்சர்

1994இல் பாஸர், மட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் தந்த டென்சர், ஒவ்வொரு வாக்ஸலிலும் விரவலை மூன்று அச்சுகளுள்ள நீள்வட்டத் திண்மமாக வரைகிறது. மூன்று அச்சு எண்களின் சராசரி, சராசரி விரவல். அவை எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருக்கின்றன என்பதன் அளவு திசைச்சார்பு எண் (எஃப்ஏ), 0 முதல் 1 வரை.

1.7, 0.3, 0.3 என்று மூன்று அச்சுகள் கொண்ட வெண்பொருள் (மூளையில் நரம்பிழைகள் நிறைந்த பகுதி) வாக்ஸலுக்குச் சராசரி 0.77, திசைச்சார்பு 0.80. இப்போது அதே ஆரோக்கியமான இழைகள் இரண்டு கட்டுகளாகச் செங்குத்தாகக் குறுக்கிடும் வாக்ஸலை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுகள் ஏறக்குறைய 1.0, 1.0, 0.3 ஆகும். சராசரி அதே 0.77. திசைச்சார்பு 0.48க்கு விழுந்துவிடும். ஓர் இழைக்கும் சேதமில்லை, எண் மட்டும் பாதியை நெருங்கிவிட்டது! வெண்பொருள் வாக்ஸல்களில் 60 முதல் 90 விழுக்காட்டில் இப்படிக் குறுக்கீடு இருக்கும் என்பது மதிப்பீடு. ஆகவே "திசைச்சார்பு குறைந்தது, நரம்பு சிதைந்தது" என்று எழுதும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரிபார்க்க ஒரு வழி. வண்ணப் படத்தில் இடவலம் சிவப்பு, முன்பின் பச்சை, மேல்கீழ் நீலம். இணைப்புப் பாலமான கார்பஸ் கலோசம் நடுவில் சிவப்பாக இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிட வேண்டாம். ஓர் அச்சின் குறி தலைகீழாக இருந்தாலும் வண்ணம் மாறாது. ஒவ்வொரு வாக்ஸலிலும் முதன்மைத் திசையைக் குச்சியாக வரையச் சொல்லி, கார்பஸ் கலோசம் முன்னும் பின்னும் வளைந்து விரியும் இடத்தைப் பாருங்கள். குச்சிகள் வளைவோடு சேர்ந்து வளைந்தால் சரி. வளைவுக்குக் குறுக்கே நின்றால் குறி பிசகியிருக்கிறது.

படி 9: நுண்ணமைப்பு மாதிரிகளுக்குள் போவது

ஜென்சனும் குழுவினரும் 2005இல் கொண்டுவந்த கர்ட்டோசிஸ் முறை, விரவல் எளிய சூத்திரத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அளக்கிறது. 2012இல் வந்த நோடி (NODDI) என்ற மாதிரி ஒருபடி மேலே போய், வாக்ஸலை நரம்பிழைக்குள், வெளியே, தடையற்ற திரவம் என்று மூன்றாகப் பிரித்துப் பங்கு சொல்கிறது. படங்கள் கண்ணைக் கவரும். ஆனால் அதன் உள்ளே, இழை நெடுகிலுமான கெழு 1.7 என்று முன்னமே நிலைநிறுத்தி வைத்திருக்கிறார்கள். மயலின் இன்னும் முற்றாத குழந்தையிடமோ வீங்கிய திசுவிலோ அந்த 1.7 உண்மையா? உண்மையில்லை என்றால் பிசகு முழுவதும் "இழை அடர்த்தி" என்ற எண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மாதிரியின் அனுமானம் தெரியாதவர் அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பி மதிப்பை ஏற்றும்போது இரைச்சல் தளத்தையும் பாருங்கள்: உண்மைச் சமிக்ஞை எவ்வளவு குறைந்தாலும் இரைச்சலால் படத்தின் எண் இதற்குக் கீழே இறங்காது. பி 3000இல், கெழு 1.7 உள்ள திசையில் மிஞ்சும் சமிக்ஞை 0.6 விழுக்காடு. இரைச்சலுக்கு 20 மடங்கு சமிக்ஞை உள்ள படத்தில் அந்தத் தளமே 6 விழுக்காட்டில் இருக்கிறது. நீங்கள் அளப்பது தளத்தைத்தான். கணக்குப் போட்டால் 1.7க்குப் பதில் 0.92 வரும், அதைத் "தடைபட்ட விரவல்" என்று விளக்கக் கதையும் கிடைத்துவிடும்.

நீரோட்டத்தை அளக்க விரும்புவோருக்கு: பி 200க்குக் கீழே தந்துகிகளில் ஓடும் இரத்தமும் விரவல்போலவே தெரியும், லெ பிஹான் 1980களிலேயே இதைப் பிரித்துக் காட்டினார். ஈரலில் நன்றாகப் பயன்படும், மூளையில் சமிக்ஞை சிறிது. மூளையின் கழிவகற்றும் நீரோட்டத்துக்கென்று 2017இல் வந்த ஆல்ப்ஸ் குறியீடு இப்போது எல்லா இடத்திலும் ஓடுகிறது. பக்க அறைகளை ஒட்டிய இடத்தில் திசைவாரிக் கெழுக்களின் விகிதம் அது. ஓட்டத்தை அது நேரடியாக அளப்பதில்லை. விகிதத்தை விகிதம் என்றே எழுதுங்கள்.

படி 10: எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை

"திசைச்சார்பு 0.45" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. பி மதிப்புகள், திசைகள், வாக்ஸல் அளவு, எதிரொலி நேரம், துடிப்பின் நீளமும் இடைவெளியும், துப்புரவுப் படிகள், மென்பொருளின் பதிப்பு எண், அசைவால் கழித்த படங்கள் எத்தனை, எல்லாவற்றையும் உடன் எழுதுங்கள். இரண்டு மருத்துவமனைகளின் தரவைச் சேர்க்கும்போது ஒரே சிலரை இரு இயந்திரங்களிலும் படுக்கவைத்து வித்தியாசத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். நடுவில் இயந்திரத்தின் மென்பொருளை மேம்படுத்தப் போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு முன்பும் பின்பும் அந்தப் பனிக்கட்டித் தண்ணீர்க் குழாயைப் படமெடுத்து, தேதியோடு கோப்பில் சேருங்கள்.